மையவாடி கேமரா

“அந்தப் பயல சும்மா விடக்கூடாது தம்பி. எங்க இருக்கான்னு மட்டும் கண்டுபுடி, மீதிய போலீஸ் பாத்துக்கும்!”

ஜமாஅத் தலைவர் அப்துல் முத்தலிப் குதித்துக்கொண்டிருந்தார். கோபம் வராமல் இருக்குமா? குடிகாரர்கள் நுழையாமலிருக்க, ஊர் மவுத்துகளை அடக்கம் செய்யும் மையவாடியின் வாசலைப் பார்த்து மாட்டிய கேமரா அது. வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்தால் போதும், கபர்கள் பக்கம் திரும்பிக்கொள்கிறது. எவனோ இன்டர்நெட் வழியாக உள்ளே புகுந்து திருப்புகிறான்.

“கபுருங்கள எட்டிப் பாக்குறானே, மனுஷனா அவன்?”

அண்ணாமலை நகரிலிருந்து வந்திருந்த சார்லஸ் லேப்டாப்பை விட்டு நிமிரவில்லை. கேமராவை மாட்டியது அவன்தான். அதனால் திட்டில் பாதி அவனுக்கும் சேர்த்துத்தான்.

“தப்பு நம்ம மேலயும் இருக்கு பாய். கேமரா வந்த அன்னிக்கு பெட்டிய போட்டோ எடுத்து ஜமாஅத் வாட்ஸ்அப் குரூப்புல போட்டீங்க. ஸ்டிக்கர்ல நம்பர், பாஸ்வேர்டு எல்லாம் இருந்துச்சு. மாத்துங்கன்னு சொன்னேன், நீங்க கேக்கல.”

“அப்ப நம்மாளுதானா?”

“ஆமா. ஆனா ஆளு கில்லாடி. எங்கேருந்து வர்றான்னு தெரியாம இருக்க சிங்கப்பூரு, ஜெர்மனின்னு சுத்தி வந்திருக்கான். போன வெள்ளிக்கிழமை மட்டும் மறந்துபோய் நேரா வந்து மாட்டிக்கிட்டான். சவூதி பாய். தம்மாம்ல ஒரு கம்பெனியோட நெட்டு.”

“கம்பெனி பேரு?”

சார்லஸ் சொன்னான்.

முத்தலிப் பக்கத்திலிருந்த நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அதுவரை இருந்த வேகமெல்லாம் எங்கே போனதோ.

“எந்தக் கபர பாக்குறான்?”

“இதோ, இது ஒண்ணுதான் பாய். பெருசாக்கி வெச்சிக்கிட்டு ரொம்ப நேரம் பாத்துக்கிட்டே இருக்கான். வேற எதையும் தொடல. நீங்க போலீசுக்குப் போங்க, நான் பாஸ்வேர்ட மாத்திடுறேன்.”

“வேணாம் தம்பி. மாத்தாத.”

பெரியவர் அழுவதைப் பார்த்து சார்லஸ் பயந்துபோனான்.

“என்னா பாய், தெரிஞ்சவனா?”

“எம்மவன் நசீரு. எங்கிட்ட பேசறதே இல்ல. அது அவன் அம்மா ஆரிபாவோட கபரு.”

மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

“அவ மவுத்தானப்ப, லீவு போட்டு வந்தா அவன் வேல போயிடுமேன்னு, அடக்கம் பண்ணி முடிச்சப்புறந்தான் தம்பி அவனுக்கு போனே பண்ணேன்.”