மேல் கட்டிலுக்கு ஒரு உதை

"தினம் ராத்திரி அக்கா உதைக்கிறாளாம். உங்க பையன் ஓட்டோவே சொன்னான்" என்றார் தலைமையாசிரியர் ஹால்வர்சன், மூக்கால்.

அம்மா ஜெனலுக்கு மின்னசோட்டாக் குளிரிலும் வியர்த்தது. பிஸ்கட் ஃபேக்டரியில் நைட் ஷிப்ட் முடித்து நேரே வந்திருந்தாள்.

ஆறு வயது ஓட்டோவின் கால அட்டவணையை ஹால்வர்சன் வாசித்தார்.

"எட்டு மணிக்கு அழுகை. பத்துக்குக் கடி. பதினொண்ணுக்கு மேஜைக்கு அடியில தூக்கம். நேத்து கடிபட்டது இவங்க."

பள்ளி நர்ஸ் பெக் கட்டுப்போட்ட கையைத் தூக்கிக் காட்டினாள்.

"வீட்ல உதை வாங்குறான், இங்க கடிக்கிறான். குழந்தைகள் நல ஆபீசுக்கு நான் எழுதியாகணும்மா." ஒரு ஃபாரத்தை எடுத்துவைத்துப் பேனாவைத் திறந்தார்.

ஜெனல் மகள் பக்கம் திரும்பினாள். "ஏண்டி பிரிட்டா, பச்சைப்பிள்ளையையா உதைக்கிறே? ஹிஸ்டரி கிளாஸ்ல தூங்கி வழியறேன்னு உன் ஸ்கூல் அனுப்பின லெட்டரே இன்னும் என் பையில கிடக்கு!"

பதினைந்து வயது பிரிட்டா ஊரில் யார் குரலையும் மிமிக்ரி செய்யாமல் விட்டுவைத்ததில்லை.

"அடுக்குக் கட்டில்ல மேல அவன், கீழ நான். கேளுங்க." கண்ணை மூடினாள். "கொர்ர்ர்... கொர்ர்ர்ர்..."

ஓட்டோவின் குறட்டையேதான். ஜெனலுக்கு அந்த நிலைமையிலும் சிரிப்பு வந்துவிட்டது.

"இதென்ன நாடக மேடையா?" என்றார் ஹால்வர்சன்.

"இதென்ன நாடக மேடையா?" அவர் மூக்கிலேயே திருப்பிச் சொல்லிவிட்டு பிரிட்டா தொடர்ந்தாள். "கொர்ர்ர்... கொர்..."

நின்றது.

அவள் மூச்சே விடவில்லை. பெக் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். ஐந்து விநாடி. எட்டு. பதினொன்று.

டொம்!

மேஜையை அடியிலிருந்து ஓங்கி உதைத்தாள் பிரிட்டா. ஹால்வர்சனின் காபி ஃபாரத்தின்மேல் கவிழ்ந்தது. "ஹ்ஹா!" முங்கி எழுந்தவள்போல் மூச்சை இழுத்தாள்.

"இப்படி உதைச்சாத்தான் மறுபடி மூச்சு விடுறான்."

"ஏண்டி சொல்லலை?" என்றாள் ஜெனல்.

"எத்தனை தடவை செஞ்சு காட்டினேன்! மூச்சு நிக்கிற கட்டம் வர்றதுக்குள்ள நீ சிரிச்சுடுவேம்மா. 'அப்படியே உங்கப்பன் குறட்டை'ன்னு வேற சொல்லுவே."

பெக் எழுந்துவிட்டாள். "சார், இவன் பொல்லாத பிள்ளை இல்லை, தூங்காத பிள்ளை. தொண்டையில சதை வளர்ந்து அடைக்குதோ என்னவோ, இன்னைக்கே டாக்டர்கிட்ட காட்டணும்."

பிரிட்டாவின் கண்ணுக்குக் கீழிருந்த கருவளையத்தை அப்போதுதான் பெக் கவனித்தாள்.

"ராத்திரி பூரா நீ அவனுக்குக் காவல். அப்புறம் எப்பம்மா தூங்குவே?"

"ஹிஸ்டரி கிளாஸ்ல. அம்மா பையில லெட்டர் இருக்கு, பாருங்க."