பதினோராம் நாள் விக்கல்

குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் முடிந்ததிலிருந்து கருத்தையாவுக்கு விக்கல். இன்று பதினோராம் நாள். நூறு விக்கலுக்கு ஒரு நூல் அளவு என்று நகர்ந்து, அவர் கட்டில் சுவரைவிட்டுத் தரையில் மூன்று ஆத்தங்குடிக் கல் தள்ளி நிற்கிறது. அடுத்த கட்டில்காரன் நான், எண்ணியே சொல்கிறேன். இன்னும் விக்கினால் தையல் பிரிந்துவிடும் என்கிறார் டாக்டர். சென்னையில் அக்குபஞ்சர் மேல்படிப்பு முடித்து வந்திருக்கும் நர்ஸ் அன்னக்கிளி, தலைமயிர் போன்ற சீன ஊசி ஒன்றை எடுக்கிறாள். சன்னல் வெயிலில் அது இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. "மருந்தே இல்லாத ஊசியா? என்னைய ஏமாத்துறீகளா?" என்று கருத்தையா கையை இழுத்துக்கொள்கிறார். அவள் தன் மணிக்கட்டில் ஒன்றைக் குத்திக் காட்டுகிறாள். "வலிக்குதா ஆத்தா?" "எறும்பு கடிச்ச மாதிரித்தான். கையை நீட்டுங்கய்யா." ஊசி இறங்குகிறது. வார்டே மூச்சை அடக்குகிறது. மின்விசிறிகூடச் சத்தத்தைக் குறைத்துக்கொள்கிறது. கருத்தையா கண்ணை உருட்டியபடி கிடக்கிறார். இத்தனை நாளாக இரண்டு விக்கலுக்கு நடுவே மட்டும் பேசிப் பழகிவிட்ட அவர் மனைவி பொன்னுத்தாயி, "நம்ம செவலப் பசு..." என்று தொடங்கி, வழக்கம்போல் நிறுத்துகிறாள். விக்கல் வரவில்லை. அவள் வாயைத் திறந்தபடி இன்னும் காத்திருக்கிறாள்.