நீலத் தண்ணீர்

இன்றும் கார் தகுதிச் சோதனையில் தேறாவிட்டால் நாற்பது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் வேலைக்கு எப்படிப் போவேன்? இர்மெலிக்கு வேறு நினைப்பே இல்லை. போன வாரச் சோதனையில் பழைய கார் தவறியது ஒன்றில்தான்: முன்கண்ணாடிக்குத் தண்ணீர் பீய்ச்சவில்லை. அவள் துவாரங்களை ஊசியால் குத்தினாள், குழாயை ஊதினாள். கோடையில் ஊற்றிய வெறும் தண்ணீர் குளிரில் உறைந்து, தொட்டியே பிளந்திருந்தது. கழற்றிய தொட்டி இன்னும் சமையலறை மேசையில் கிடக்கிறது; புதியது வந்து சேரவில்லை.

"கிழவி இன்னிக்காவது துப்புவாளா, அக்கா?" என்று காரின் பானெட்டைத் தட்டினான் சோதனை நிலைய ஆய்வாளன் தாபானி.

அவள் விசையை இழுத்தாள். குளிரில் உறையாத நீலத் தண்ணீர் சீறியடித்து அவன் மூக்குக்கண்ணாடிவரை தெறித்தது.

"அடேங்கப்பா! பாஸ்!" சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டான். "அப்படி என்னத்த மாத்துனீங்க? பானெட்டத் திறங்க, பாப்போம்."

உள்ளே தொட்டியின் இடத்தில் அவள் கயிற்றால் கட்டிக் குழாய் சொருகிய பழைய பிளாஸ்டிக் கேன்தான் இருந்தது; பயத்தைவிடப் பெருமைதான் அவளுக்கு அதிகமாக இருந்தது.

"வேணாம் தம்பி," என்று சான்றிதழை மடித்து வைத்துக்கொண்டாள்.