நான்காம் பிரஸ்ஸின் சாவி

"உன்னாலதான் பாஞ்சாலிக்கு ரெண்டு வெரல் போச்சு. கையெழுத்து போட்டுட்டு கெளம்பு," என்றார் ஏகாம்பரநாதன்.

வாக்குமூலம் ஏற்கெனவே அடித்துத் தயாராக இருந்தது. உமாதேவியின் பெயருக்கு மேலே மட்டும் இடம் காலி.

கண்ணாடிச் சுவருக்குக் கீழே பிரஸ் ஷாப் தெரிந்தது. மணி இரண்டு இருபத்தாறு. இரண்டரைக்கு ஷிப்ட் மாறும்.

அவர் சிஸ்டம்ஸ் மேனேஜர். அவள் கான்ட்ராக்ட் இன்ஜினியர். ஒரகடத்துக்கு வந்து பதினான்கு மாதம் ஆகிறது.

ஒவ்வொரு பிரஸ்ஸுக்கும் சர்வருக்குள் ஒரு கண்டெய்னர் உண்டு. கணினிக்குள் ஒரு சின்னக் கணினி. ஷிப்ட் முடிந்ததும் அதை அழித்துவிட்டு, மூலக் கோப்பிலிருந்து புதிதாக இன்னொன்றை எழுப்புவார்கள். எழுந்ததும் எது முதலில் ஓட வேண்டும், எது அடுத்தது என்ற வரிசை அந்தக் கோப்பில்தான் இருக்கிறது.

நான்காம் பிரஸ்ஸுக்கு அந்த வரிசை தவறு.

கை உள்ளே இருந்தால் இயந்திரத்தை நிறுத்தும் சென்சார், பிரஸ்ஸுக்குப் பிறகு எழுந்தது. பிரஸ் கண் விழிக்கும்போது ஒருமுறைதான் சென்சாரைத் தேடும். காணவில்லையென்றால் அந்த ஷிப்ட் முழுக்க அது இல்லாமலே ஓடும்.

மூலக் கோப்பு ஏகாம்பரநாதனின் பாஸ்வேர்டுக்கு மட்டும்தான் திறக்கும். நான்கு மெயில் அனுப்பினாள். ஆடிட் முடியட்டும் என்றார்.

நான்காம் பிரஸ் இரண்டாம் ஷிப்டில் மட்டும்தான் ஓடும். அதனால் தினமும் இரண்டரைக்கு, புதுக் கண்டெய்னர் எழுந்த கையோடு, உள்ளே போய் வரிசையைக் கையாலேயே மாற்றி, பிரஸ்ஸை மறுபடி கண் விழிக்க வைத்தாள். மறுநாள் அந்தக் கண்டெய்னர் இருக்காது. அவள் செய்ததும் இருக்காது.

அப்படிப் பதினோரு நாள். அந்தப் பிரஸ்ஸில் பாஞ்சாலிக்கு விரல் போனது பன்னிரண்டாம் நாள், நேற்று.

"பதினோரு நாளா சரி பண்ணிகினு இருந்தியாமே? எங்க, காட்டு பாப்போம்."

காட்ட ஒன்றுமில்லை. பதினோரு கண்டெய்னர்களும் அழிந்துவிட்டன. அது தெரிந்துதான் கேட்டார்.

"அப்போ நேத்து மட்டும் இன்னாத்துக்கு பண்ணல?"

 ஏன் என்று அவருக்கும் தெரியும்.

ஏசியிலிருந்து நீர் சொட்டியது. எண்ணாமலே எண்ணிக்கொண்டிருந்தாள். அவளுடைய வலது கை நீலக் கோட்டின் பைக்குள்ளேயே இருந்தது.

இடது கையால் பேனாவை எடுத்தாள்.

"அதுவும் பீச்சாங்கையா," என்று சிரித்தார்.

"கையெழுத்து போட்டா அந்த வரிசைய மாத்திடுவீங்களா சார்? இன்னிக்கே?"

"இன்னிக்கி மாத்துனா தப்பு நம்ப பக்கம்னு ஆயிடும்ல? இது கூடத் தெரியாம இன்னா படிச்ச நீ?"

அவள் மூடியைக் கழற்றாமலே பேனாவைக் காகிதத்தின் மேல் வைத்தாள்.

அவர் பேனாவை ஓரமாகத் தள்ளிவைத்தார். பிறகு போனை எடுத்தார்.

"அந்தப் பொண்ணு லாகினை மூடிடு. ஆமா, இப்பவே."

ஷிப்ட் மணி அடித்தது.

சர்வரில் எல்லாக் கண்டெய்னர்களும் அழிந்து, எல்லாம் புதிதாக எழுந்தன. கீழே பூமாரி கையுறையை மாட்டிக்கொண்டே நான்காம் பிரஸ்ஸை நோக்கி நடந்தாள். தென்காசிப் பக்கத்துப் பெண். பாஞ்சாலியின் இடத்துக்கு இன்றுதான் வந்திருக்கிறாள்.

ஒன்று, இரண்டு, மூன்று. பிரஸ்கள் இடிக்கத் தொடங்கின. மேசையில் தேநீர்க் கோப்பை அதிர்ந்தது.

"இன்னும் இன்னா உக்காந்துகினு இருக்க? போ."

அவள் எழவில்லை.

மேசையில் இருந்த இன்டர்காம் ஒலித்தது. சூப்பர்வைசர் சுபாஷ்.

"சார், நாலாவது பிரஸ்ஸ ஆன் பண்ற சாவி போர்டுல இல்ல சார். பூமாரி சும்மா நின்னுகினு கீது."

ஏகாம்பரநாதன் மெதுவாகத் திரும்பி அவளுடைய கோட்டுப் பையைப் பார்த்தார்.

உள்ளே அவள் விரல்களை இன்னும் இறுக்கினாள். சாவியின் பற்கள் உள்ளங்கையில் பதிந்தன.

நேற்றும் இதே நேரம் அவளை இதே நாற்காலியில்தான் உட்காரவைத்திருந்தார். வல்லக்கோட்டை முருகன் கோயில் கிருத்திகைக் கூட்டத்தில் பஸ் மாட்டி, காலையில் பன்னிரண்டு நிமிடம் தாமதமாக வந்ததற்கு விளக்கம் எழுதச் சொல்லி.

எழுதிக்கொண்டிருந்தாள். நேற்று சாவியின் நினைவு வரவில்லை.