இரவல் வீடு

குழந்தைகள் நல அதிகாரி குமுதவல்லி உள்ளே நுழைந்தபோது ஆரோன் வீட்டில் எல்லாமே இருந்தன. மனைவியை இழந்த அந்த ஆட்டோக்காரரின் வீட்டில் ஒன்றுமே இல்லை, இரண்டு பிள்ளைகளும் கவனிக்க ஆளில்லாமல் கிடக்கிறார்கள் என்று யாரோ புகார் செய்திருந்தார்கள். உண்மையென்றால் பிள்ளைகளைக் காப்பகத்துக்கு அழைத்துப் போக வேண்டும். ஆனால் கட்டிலில் புது மெத்தை. ஃப்ரிட்ஜ் நிறைய ஆப்பிள்.

விசாரணைதான் கொஞ்சம் நீண்டுவிட்டது.

எதிர்வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். "கோச்சுக்காதீங்க மேடம், திடீர்னு விருந்தாளி வந்துட்டாங்க" என்று மெத்தையைச் சுருட்டிக்கொண்டு போனார். "எங்க பால் புளிச்சிடும் ஆரோன்" என்று மாடிவீட்டுத் தம்பதி ஃப்ரிட்ஜை ஆப்பிளோடு தூக்கிப் போனார்கள்.

ஆரோன் நிமிரவே இல்லை.

"இதெல்லாம் யாரு கொடுத்தது?" என்று குமுதவல்லி மகள் ஷெர்லியிடம் கேட்டார்.

"எல்லாரும்தான் மேடம். நீங்க வர்றீங்கன்னு தெரிஞ்சதும் தூக்கிட்டு வந்தாங்க. அப்பா சவாரி போனா சோறும் கொண்டு வருவாங்க. அதை மட்டும் திருப்பிக் கேக்க மாட்டாங்க."

வாசலில் இன்னொரு பெண் தயங்கி நின்றாள்.

"உங்களுக்கு என்னம்மா வேணும்?"

"நீங்க உக்காந்திருக்கிற சேர் மேடம். அவசரமில்ல, மெதுவா எழுந்திரிங்க."

குமுதவல்லி எழுந்து நாற்காலியைக் கொடுத்தார். பிறகு பையை ஓரமாக வைத்துவிட்டு, பிள்ளைகளுக்கு நடுவே தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தார்.

"இன்னைக்கு யார் வீட்டுச் சோறு?" என்று கேட்டார்.