விரலின் வயது

"தீர்ப்புச் சொல்றதுக்கு முன்னாடி ரெண்டு பேரும் கையை மடியில வெச்சுக்குங்க. எதையும் தொடக் கூடாது" என்றாள் மனைவி.

பல் டாக்டர் தேக்கரண்டியைத் தட்டில் வைத்தார். எதிர் நாற்காலியில் மச்சான் சாவிக்கொத்தை மேசை மேல் வைத்தான். அவன் லிஃப்ட் மெக்கானிக். பாதி ஊரின் லிஃப்ட் அறைகளுக்கு அவனிடம் சாவி இருந்தது.

இரண்டு இசைத்தட்டுகள் நடுவில் கிடந்தன. இரண்டிலும் ஒரே பியானோ இசை, மூன்று பகுதிகள். டாக்டருடையதை வாசித்தவர் எழுபத்தாறு வயதுக்காரர். உறையில் வெள்ளைத் தாடியோடு படம். மச்சானுடையதில் மீசை சரியாக முளைக்காத ஒரு பையன். வயது இருபத்திரண்டு என்று பின்னட்டை சொன்னது. இரண்டும் பழைய சாமான் கடைகளில் அகப்பட்டவை. இதே இசையை வாசித்த வேறு ஏழு பேரும் டாக்டரின் அலமாரியில் இருந்தார்கள். அவர்கள் முதல் சுற்றிலேயே வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

மிச்சமிருந்த இருவருக்காகப் பதினோரு வருடமாகச் சண்டை.

கிழவர் ஒவ்வொரு சுரத்தையும் வலிக்கிற பல்லைத் தொடுவது போலத் தொடுகிறார், உன் பையன் பிடுங்கிக் கையில் கொடுக்கிறான் என்பார் டாக்டர். உங்கள் கிழவர் மாடிக்கு மாடி நின்று மூச்சு வாங்குகிறார், என் ஆள் பட்டனை அழுத்தியதும் மொட்டை மாடியில் நிற்கிறான் என்பான் மச்சான். எழுபத்தாறு வருடம் வாழ்ந்த விரலுக்குத்தான் அந்த இரண்டாம் பகுதி வரும் என்பார் இவர். வாழ வேண்டியது பாக்கி இருக்கிற விரலுக்குத்தான் வரும் என்பான் அவன். பேச்சு முற்றினால் இரண்டு மாதம் போக்குவரத்து இருக்காது.

இந்த முறை தள்ளிப்போட முடியவில்லை. சனிக்கிழமை நூலகத்தில் இசைக் கூட்டம். ஒரு தட்டுக்குத்தான் நேரம். எது என்று உங்களுக்குள் பேசி முடித்துவிட்டு வாருங்கள் என்று நூலகர் கையைக் கழுவிவிட்டார். தோற்றவர் நாற்பது பேர் முன்னால் எழுந்து நின்று ஜெயித்த தட்டைப் பாராட்டிப் பேச வேண்டும். அப்படித்தான் பந்தயம்.

நடுவராக அக்காவைப் போடலாம் என்றது மச்சான்தான். நெஞ்சு நோய் வார்டில் இருபது வருடமாக நர்ஸ். இசை என்றால் கிலோ என்ன விலை என்று கேட்பவள். அதனாலேயே நம்பலாம். டாக்டரும் தலையாட்டினார்.

தலையாட்டியது தப்பு என்று இப்போது தோன்றியது. அவள் காலையில் கதவைச் சாத்திக்கொண்டு, தனியாக, இரண்டையும் இரண்டிரண்டு தடவை கேட்டிருந்தாள்.

டாக்டருக்கு ஒரு ரகசியம் இருந்தது. அவருடைய தட்டு சபையில் வாசித்தபோது பதிந்தது. இரண்டாம் பகுதி முடிகிற இடத்தில் கிழவர் விரல்களை எடுத்துவிட்டு ஒரு கணம் சும்மா இருப்பார். அந்த மௌனத்தில், கூட்டத்தில் எவனோ இருமுவான். மச்சான் காதில் விழுந்தால் போச்சு, கிழவருக்கு இருமல் மருந்து வாங்கித் தரச் சொல்லியே மானத்தை வாங்கிவிடுவான். அதனால் அந்த இடம் வரும்போதெல்லாம் டாக்டர் தேநீரைக் கலக்குவார். கலகலவென்று, நாலு சுற்று. பதினோரு வருடத்தில் ஒருமுறைகூடத் தவறியதில்லை.

மச்சானுக்கு இந்தப் பொறுப்பெல்லாம் கிடையாது. தன் தட்டு ஓடும்போதே சாவிக்கொத்தைக் கீழே போட்டு, துழாவித் துழாவி எடுப்பான். கேட்கத் தெரியாதவன் என்று டாக்டர் எப்போதோ முடிவு கட்டிவிட்டார்.

"சொல்லுக்கா" என்றான் மச்சான். அவன் குரலும் கொஞ்சம் இறங்கித்தான் இருந்தது.

"ரெண்டும் நல்லாத்தான் இருக்கு. கண்ணை மூடிக் கேட்டேன், தூக்கம் வரலை" என்றாள். அவளிடமிருந்து அது பெரிய பாராட்டு. "ஆனா, அந்த இருமல்..."

டாக்டருக்குக் காது சூடேறியது. "கூட்டத்துல எவனோ இருமினா அதுக்குக் கிழவர் என்ன பண்ணுவார்?"

"எவனோ இருமினதுக்குப் பையன் என்னக்கா பண்ணுவான்?"

இரண்டு குரலும் ஒன்றாக வந்தன. இருவரும் நிறுத்தினார்கள். டாக்டர் சாவிக்கொத்தைப் பார்த்தார். மச்சான் தேக்கரண்டியைப் பார்த்தான்.

"உன்னுதுலயும் இருக்கா?" என்றார் டாக்டர்.

"உங்களுதுல இருக்குன்னு சொல்லவே இல்லையே, மாமா."

"எந்த இடத்துல?"

"ரெண்டாம் பகுதி. முடியப் போற இடம்."

மனைவி இரண்டு தட்டுகளையும் உறைகளுக்குள் போட்டாள். எது எந்த உறைக்குள் போகிறது என்று பார்த்துப் போட்டதாகத் தெரியவில்லை.

"மொதல்ல சின்னதா ரெண்டு. அப்புறம் நீளமா ஒண்ணு. கடைசியில தொண்டையில ஒரு விசில். இருமலை வெச்சே கட்டில் நம்பர் சொல்றவ நான். ரெண்டு தட்டுலயும் ஒரே ஆளு, ஒரே இடத்துல, ஒரே இருமல்தான் இருமுறான். இப்ப நீங்க சொல்லுங்க, வாசிக்கிறது கிழவரா, பையனா?"