சரியான பாடம்

"தப்பு. எல்லாமே தப்பு" என்று நோட்டை மூடினார் ராமபத்ரன்.

எதிரே உட்கார்ந்து பாடிய சங்கையா நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். இருமல் அடங்க வேண்டியிருந்தது. தேயிலை ஃபாக்டரியில் பதினாறு வருஷம் தூசி குடித்த நெஞ்சு.

நாதபோத சுவாமிகள் சமாதியாகி ஒரு வருஷம் ஆகிறது. கல்பாத்தியில் பன்னிரண்டு வருஷம் பாட்டுக் கட்டி, பலருக்குச் சொல்லிக் கொடுத்த சந்நியாசி. அப்புறம் ஒரு நாள் யாரிடமும் சொல்லாமல் வண்டிப்பெரியாருக்கு மலையேறி, எஸ்டேட் கூலிகள் குடியிருக்கும் லயத்திலேயே தங்கிவிட்டார். கடைசிவரை அவர்களுக்குத்தான் பாட்டு.

ராமபத்ரன் அவருடைய மூத்த சீடர். சுவாமிகளின் கிருதிகளை அச்சில் கொண்டுவர வேண்டும் என்று, இங்குள்ள பாடங்களை ஒத்துப்பார்க்க வந்திருந்தார். வந்த இடத்தில் 'மலைமேல் நின்றவனே' கிருதியை இப்படிக் குதறி வைத்திருக்கிறார்கள்.

"ஒரு வரியை நாலா வெட்டிப் பாடறயே, யார் சொன்னா?"

"சாமிதான்யா. எனக்கு மூச்சு நிக்காது. 'இந்த நாலு எடத்துல வாங்கிக்கோ, பாட்டு கோவிச்சுக்காது'ன்னாரு."

பக்கத்தில் இருந்த மாரித்தாயிடம் திரும்பினார். கொழுந்து கிள்ளுகிறவள். "நீ 'சண்முகா'ன்னு வர்ற இடத்திலே 'முருகா'ங்கறே."

"முன்பல்லு இல்லையேய்யா. 'சண்முகா'ன்னா வெறுங்காத்துதான் வருது. அதான் சாமி மாத்திக் குடுத்தாரு."

ராமபத்ரனுக்குப் பொறுக்கவில்லை.

"ஆளுக்கு ஒரு பாட்டா? கிருதின்னா அதுக்கு ஒரு பாடம்தான். நான் பாடறேன், கேளுங்கோ. எனக்கு அவர் எதிரே உக்காத்தி வச்சுச் சொல்லிக் கொடுத்தது."

பாடினார். நன்றாகவே பாடினார். அடுத்த வீடுகளிலிருந்தும் நாலைந்து பேர் வந்து நின்று கேட்டார்கள்.

முடிந்ததும் மாரித்தாய் தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"நல்லா இருந்துச்சுய்யா. ஆனா சரணத்துல 'கூப்பிட்டேன்'னு வருதுல்ல, அங்க பாட்டு மேல ஏறுமே. ஐயா ஏறலையே?"

"ஏறப்படாது. அந்த இடத்திலே பணிவு வேணும். கீழேயே நிக்கணும்."

"எனக்கு மேலதான் சொல்லிக் குடுத்தாரு."

"எனக்கும்" என்றார் சங்கையா.

இருவரும் அந்த ஒரு சொல்லை மட்டும் பாடிக் காட்டினார்கள். 'கூப்பிட்டேன்' மேல் ஸ்தாயிக்குப் போய், அங்கேயே கொஞ்ச நேரம் நின்றது. இருமல்காரரும் பல் போனவளும் ஓர் இம்மி பிசகவில்லை.

அந்தச் சொல் அந்த உயரத்தில்தான் இருக்க வேண்டும் என்று ராமபத்ரனின் காதுக்கே தெரிந்தது.

தொண்டையைச் செருமிக்கொண்டு மெதுவாக முயன்றார். பாதி ஏறியதும் குரல் உடைந்தது.

இன்னொரு தரம். அதே இடத்தில் உடைந்தது.

பன்னிரண்டு வருஷத்தில் சுவாமிகள் ஒரு நாள்கூட அவரை அந்தப் பக்கம் ஏறவிட்டதில்லை.

சங்கையா தண்ணீர்ச் செம்பை அவர் பக்கம் நகர்த்தினார்.

"விடுங்கய்யா. எங்களுக்காச்சும் மாத்திக் குடுக்கும்போதே சொல்லிட்டாரு. உங்களுக்கு மனசு நோகும்னு சொல்லாமலே மாத்திக் குடுத்திருக்காரு."